ஈஸ்டர் தேதிச் சண்டை நீசேயாவில் தீர்ந்தது என்று சொல்லிக்கொடுப்பது சரியா?

ராயபுரம் மறைக்கல்வி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் ஒரு பங்கில் பத்து ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். தவக்காலம் வந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை இந்த ஆண்டும் கேட்டார்கள்: கிறிஸ்துமஸ் டிசம்பர் 25ஐ விட்டு நகராதபோது, உயிர்ப்பு ஞாயிறு மட்டும் ஏன் மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையே அலைகிறது? நானும் வழக்கமான பதிலையே சொன்னேன். 325ஆம் ஆண்டு நீசேயாவில் கூடிய திருச்சங்கம், மார்ச் 21க்குப் பின் வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உயிர்ப்பு ஞாயிறு என்று விதித்தது. அத்துடன் சண்டை தீர்ந்தது என்றேன்.

இம்முறை ஒரு பையன் விடவில்லை. அவனுடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். 2024 மே முதல் வாரத்தில் அவருடைய கப்பல் கிரேக்க நாட்டின் பிரேயுஸ் துறைமுகத்தில் நின்றபோது, ஊரே மெழுகுதிரியுடன் தெருவில் திரண்டு, பூக்களால் மூடிய பாடையைச் சுமந்து பெரிய வெள்ளி ஊர்வலம் போவதைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். நமக்கோ அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 31 அன்றே வந்து போய்விட்டது. மே மாதத்தில் காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலமே பாதி நெருங்கிக்கொண்டிருந்தது. "நீசேயாவுல தீர்ந்துடுச்சுன்னா, அவங்க ஏன் மிஸ் ஒரு மாசம் கழிச்சுக் கும்பிடுறாங்க?" என்று அவன் கேட்டபோது, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு படித்ததில் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே "பதினான்காம் நாளினர்" என்று ஒரு சாரார் இருந்தார்கள் என்றும், உரோமை ஆயர் அவர்களைச் சபையை விட்டே விலக்கப் பார்த்தார் என்றும் அறிந்தேன். அந்தச் சண்டையும் நீசேயாவில் பேசப்பட்டதும் ஒன்றுதானா? நான் வகுப்பில் சொல்லும் விதியை நீசேயா உண்மையில் வகுத்ததா? தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்குங்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற அளவுக்கு நான் சுருக்கிக்கொள்கிறேன்.


பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்:

அம்மா, நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. இரண்டு வேறு வழக்குகளைப் பல நூல்கள் ஒரே கட்டாகக் கட்டிவிடுகின்றன. இரண்டாம் நூற்றாண்டில் நடந்தது எந்த நாள் என்ற வழக்கு. அதற்குப் பின் நடந்தது யாருடைய கணக்கு என்ற வழக்கு. முதலாவதை மட்டும் நான் எழுதுகிறேன். இரண்டாவதற்கு இங்கே என்னைவிடக் கணக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

யூதர்களின் நீசான் மாதம் பிறையோடு பிறக்கிறது. ஆகவே அதன் பதினான்காம் நாள் வளர்பிறையின் முடிவில், பௌர்ணமியை ஒட்டி வரும். எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் யூதர்களின் பாஸ்கா விழாவுக்கான ஆடு அன்று மாலைதான் அடிக்கப்பட்டது. யோவான் நற்செய்தியின்படி இயேசு சிலுவையில் உயிர்விட்டது பாஸ்காவுக்கு ஆயத்த நாளில், அதாவது ஆடுகள் அடிக்கப்படும் அந்த நாளிலேயே. மற்ற மூன்று நற்செய்திகளிலோ இறுதி இராவுணவே பாஸ்கா உணவாக இருக்கிறது. அன்று ஆசியா என்று வழங்கிய உரோமை மாநிலத்தில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரைப் பகுதியில், எபேசு, சிமிர்னா, சர்தை போன்ற நகரங்களின் சபைகள் தங்களை யோவானின் வழிவந்தவர்களாகக் கருதின. நீசான் 14 செவ்வாயில் வந்தாலும் வியாழனில் வந்தாலும் அவர்கள் அன்றைக்கே நோன்பை முடித்துப் பாஸ்காவைக் கொண்டாடினார்கள் (கிறிஸ்தவர்களின் ஈஸ்டருக்கும் அதே பெயர்தான்). உரோமையும் வேறு பல சபைகளும், ஆண்டவர் உயிர்த்த கிழமையாகிய ஞாயிறன்றுதான் நோன்பை முடிக்க வேண்டும் என்றன.

ஆசியாவினர் இறப்பைக் கொண்டாடினார்கள், மற்றவர்கள் உயிர்ப்பைக் கொண்டாடினார்கள் என்று சிலர் எளிதாகப் பிரித்துவிடுவார்கள், அது சரியன்று. சர்தை ஆயர் மெலித்தோவின் பாஸ்கா மறையுரை நமக்குக் கிடைத்திருக்கிறது (1940இல்தான் முதன்முதலில் அச்சேறியது). அதில் எகிப்தில் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி, சிலுவை, உயிர்த்தெழுதல் எல்லாம் ஒரே இரவின் பேச்சாக வருகின்றன. எபிரேயச் சொல்லான பாஸ்காவை, துன்புறுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு ஒலி ஒற்றுமை பற்றி இணைத்து அவர் பொருள் சொல்கிறார். சொல்லாராய்ச்சியில் அது பிழை. ஆனால் திருப்பாடுகளின் நாடகத்தைப் பாஸ்கு என்றே அழைத்துப் பழகிய நமக்கு அந்தப் பிழை அந்நியமாகத் தோன்றாது.

155ஐ ஒட்டி, சிமிர்னா ஆயர் போலிக்கார்ப்பு முதிர்ந்த வயதில் உரோமைக்குப் பயணம் செய்து அங்கே ஆயராக இருந்த அனிசேட்டசைச் சந்தித்தார். போலிக்கார்ப்பின் நிலை எளியது: ஆண்டவரின் சீடர் யோவானோடும் மற்றத் திருத்தூதர்களோடும் இருந்து தாம் கடைப்பிடித்ததை விட முடியாது. அனிசேட்டசின் நிலையும் அதேபோன்றதுதான்: தமக்கு முன்னிருந்த மூப்பர்களின் வழக்கத்தை அவரும் விட முடியாது. ஒருவரை ஒருவர் இணங்கச் செய்ய முடியவில்லை. இருந்தும் அனிசேட்டஸ், வந்த பெரியவருக்கு மரியாதையாகத் தம் சபையில் நற்கருணை வழிபாட்டை நடத்தும் இடத்தை அவருக்கே விட்டுக்கொடுத்தார். சமாதானமாகவே பிரிந்தார்கள்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் உரோமை ஆயரான விக்டர் காலத்தில்தான் அது பெரும் வழக்காயிற்று. பாலஸ்தீனம், பொந்து, கோல், ஓஸ்ரோயேனே என்று பல இடங்களில் ஆயர்கள் கூடி, ஞாயிறே சரி என்று எழுதினார்கள். எபேசு ஆயர் பொலிக்கிராத்தஸ் மட்டும் மறுத்து எழுதினார். அந்தக் கடிதத்தை யூசேபியு தம் திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் நூலில் அப்படியே பெயர்த்து வைத்திருப்பதால் இன்றும் படிக்கலாம். வாதம் என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இருப்பது கல்லறைகளின் பட்டியல். எராப்போலியில் துயில்பவர் பிலிப்பு, எபேசில் துயில்பவர் ஆண்டவரின் மார்பில் சாய்ந்த யோவான், சிமிர்னாவில் போலிக்கார்ப்பு, சர்தையில் மெலித்தோ. இவர்கள் அனைவரும் பதினான்காம் நாளையே கடைப்பிடித்தார்கள் என்கிறார். என் குடும்பத்தில் எழுவர் ஆயர்கள், நான் எட்டாமவன், ஆண்டவரில் எனக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன, மிரட்டலுக்கு அஞ்ச மாட்டேன் என்று முடிக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் பாட்டன் முப்பாட்டன் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பஞ்சாயத்தில் நிற்பதைக் கேட்டவர்களுக்கு இந்தக் குரல் புரியும்.

விக்டர் ஆசியச் சபைகள் அனைத்தையும் விலக்க முயன்றார். அவரைத் தடுத்துப் பேசியவர்களில் முதன்மையானவர் லியோன் ஆயர் இரனேயு. அவர் ஆசியாவில் வளர்ந்து, சிறுவயதில் போலிக்கார்ப்பின் போதனையைக் கேட்டவர். ஆயினும் தாம் கொண்டாடியது ஞாயிற்றுக்கிழமையில்தான். நாளில் மட்டுமா வேறுபாடு, நோன்பிலும்தான் இருக்கிறது. சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கு மேலும், சிலர் நாற்பது மணி நேரம் என்று இருக்கிறார்கள். உங்களுக்கு முன்னிருந்தவர்கள் இதற்காக யாரையும் விலக்கவில்லையே என்று அவர் விக்டருக்கு எழுதினார். நோன்பில் உள்ள வேறுபாடு விசுவாசத்தில் உள்ள ஒற்றுமையை உறுதிப்படுத்துகிறது என்ற புகழ்பெற்ற வரி அந்தக் கடிதத்தில் உள்ளதே. போலிக்கார்ப்பு உரோமைக்கு வந்த செய்தியை நாம் அறிவதும் அதனால்தான். தம் வாதத்துக்குச் சான்றாக அவர் அதை எடுத்துக் காட்டினார்.

விக்டரை வெறும் முரடராக நான் எண்ணவில்லை. உரோமை நகரில் பல நாட்டவர் குடியேறியிருந்தார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டார் இன்னும் நோன்பிருக்க, எதிர்வீட்டார் பண்டிகை கொண்டாடுவது, எபேசுக்கும் உரோமைக்கும் இடையே கடல் கடந்து நிற்கும் வேறுபாட்டைப்போல் எளிதில் பொறுத்துக்கொள்ளக்கூடியதன்று. ஆனால் அதற்குத் தீர்வாக ஒரு மாநிலத்தையே விலக்குவது அளவு மீறியது என்று இரனேயு சொன்னதையே நானும் சரி என்பேன்.


தண்டையார்பேட்டை பஞ்சாங்கப் பித்தன்:

பெரியவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: நீங்கள் வகுப்பில் சொல்லும் அந்த வாக்கியத்தை நீசேயா எழுதவில்லை. அந்தச் சங்கம் நிறைவேற்றிய இருபது சட்டங்களில் ஈஸ்டரைப் பற்றி ஒன்றுகூட இல்லை. முடிவு என்னவென்று நமக்குத் தெரிவது இரண்டு கடிதங்களிலிருந்து. ஒன்று சங்கம் எகிப்திலுள்ள அலெக்சாந்திரியச் சபைக்கு எழுதியது. மற்றது பேரரசர் கான்ஸ்டன்டைன் சபைகளுக்கு எழுதியது. இதுவரை யூதர்களின் கணக்கைப் பின்பற்றிய கீழைநாட்டுச் சகோதரர்கள் இனி உரோமையரோடும் உங்களோடும் சேர்ந்து ஒரே நாளில் கொண்டாடுவார்கள் என்பதே அதன் சாரம். எந்த அட்டவணை, எத்தனை ஆண்டுச் சுற்று, பௌர்ணமி எந்த நாள் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இங்கே கீழைநாட்டார் என்பவர்கள் பெரும்பாலும் பதினான்காம் நாளினர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். சிரியாவில், அந்தியோக்கியா பக்கத்தில், அவர்களும் ஞாயிறன்றே கொண்டாடினார்கள். ஆனால் அந்த ஞாயிறு எது என்பதற்கு, ஊரிலிருக்கும் யூதர்கள் எந்த மாதத்தை நீசான் என்கிறார்களோ அதை எடுத்துக்கொண்டார்கள். யூத நாட்காட்டியில் சில ஆண்டுகளில் பதின்மூன்றாவது மாதம் ஒன்று சேர்க்கப்படும். நம் பக்கத்தில் தெலுங்குக்காரர்கள் அதிக மாதம் பார்ப்பார்களே, அதுபோல. அதைச் சேர்க்கும் முறை அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் வேறுபட்டதால், சில சமயம் பாஸ்கா வசந்தகாலச் சமஇரவு நாளுக்கு முன்பே வந்துவிட்டது. அலெக்சாந்திரியர்கள் இதை ஏற்கவில்லை. வானியல் தெரிந்த ஊர் அது. சமஇரவு நாளுக்குப் பின் வரும் பௌர்ணமியே பாஸ்காப் பௌர்ணமி என்று தாங்களே கணித்துக்கொண்டார்கள்.

கான்ஸ்டன்டைனின் கடிதத்தைப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்ட வேண்டாம் என்பேன். ஒற்றுமைக்காக என்று தொடங்கும் அந்தக் கடிதம், யூதர்களோடு நமக்குப் பொதுவானது எதுவும் இருக்கக் கூடாது என்று மிகக் கடுமையாகப் பேசுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் யோவானும் பிலிப்பும் செய்தது என்று பெருமையாகச் சொல்லப்பட்ட வழக்கம், 341இல் அந்தியோக்கியாவில் கூடிய ஆயர்களின் முதல் சட்டத்தில் விலக்கத் தக்க குற்றமாகிவிட்டது. இந்த வரலாற்றில் எனக்கு உறுத்தும் இடம் இதுதான்.

சரி, யூதர்களிடம் கேட்கக் கூடாது என்று ஆனபின் பௌர்ணமியை யார் சொல்வது? அங்கேதான் அட்டவணைச் சண்டை தொடங்குகிறது. பழைய ஏட்டுச் சூத்திரப்படி போகும் வாக்கியப் பஞ்சாங்கமும், வானத்தில் உள்ள நிலையையே கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நமக்கு இருப்பது தெரியும். 2023இல் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. இரு சாராரும் ஒரே சனியைப் பற்றித்தான் பேசினார்கள். பழைய திருச்சபையின் நிலையும் அதுவே: வானத்தில் நிலா ஒன்று, ஏட்டில் நிலா இரண்டு மூன்று.

முதலில் எட்டாண்டுச் சுற்றை முயன்றார்கள். உரோமையில் 1551இல் தோண்டியெடுக்கப்பட்ட ஒரு சிலையின் இருக்கைப் பக்கங்களில், 222இல் தொடங்கி 112 ஆண்டுகளுக்கான பாஸ்கா அட்டவணை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. இப்போலித்துவின் சிலை என்று வழங்குவது. எட்டு ஆண்டுக்கு ஒன்றரை நாள் பிசகும் கணக்கு அது. கல்லில் வெட்டியவர் கண்ணெதிரிலேயே நிலா அட்டவணையை விட்டு விலகியிருக்கும். அடுத்து உரோமை 84 ஆண்டுச் சுற்றைக் கைக்கொண்டது. அதில் கிழமைகள் சரியாகத் திரும்பி வரும், 30,681 நாள் ஏழால் மீதியின்றி வகுபடும். ஆனால் நிலா ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் நாளுக்கு மேல் பிசகும். அலெக்சாந்திரியா பின்பற்றியது 19 ஆண்டுச் சுற்று. 19 ஆண்டில் 235 சாந்திர மாதம். பிழை ஒன்றரை மணி நேரம் மட்டுமே, ஒரு நாள் பிசக முந்நூறு ஆண்டுக்கு மேலாகும். கடைசியில் இது வென்றதற்குக் காரணம் கணக்கின் தரம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் வெல்வதற்கு இருநூறு ஆண்டுகள் ஆயின. உரோமையில் ஏப்ரல் 21ஐத் தாண்டி ஈஸ்டர் வரக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அந்த நாள் உரோமை நகரம் பிறந்த நாள். தேர்ப்பந்தயமும் விளையாட்டுமாக ஊர் அமர்க்களப்படும் நாள். ஈஸ்டர் அதற்குப் பின் வந்தால் புனித வாரத்தில் அந்த அமர்க்களம் நுழைந்துவிடும். 444இல் அலெக்சாந்திரியக் கணக்கை ஏற்று ஏப்ரல் 23இல் கொண்டாடியபோது, ஏப்ரல் 21 பெரிய வெள்ளியாகிவிட்டது. அந்த ஆண்டு பந்தயமே நடக்கவில்லை என்று அக்காலத்து வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. நமக்கு 2019 ஏப்ரல் 18 நினைவிருக்கும். பெரிய வியாழனன்று நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்துவிட்டுத்தான் மாலையில் பாதம் கழுவும் சடங்குக்குப் போனோம். மதுரைக்காரர்களுக்கு அதே நாளில் சித்திரைத் திருவிழாவும் இருந்தது.

455இல் மறுபடியும் முட்டிக்கொண்டது. உரோமைக் கணக்கில் ஏப்ரல் 17, அலெக்சாந்திரியக் கணக்கில் ஏப்ரல் 24. திருத்தந்தை பெரிய லியோ பேரரசருக்கு எழுதி, எகிப்துக்கு எழுதி, விசாரித்துப் பார்த்தார். கடைசியில் ஏப்ரல் 24ஐ ஏற்று மேலை நாட்டு ஆயர்களுக்கு அறிவித்தபோது, கணக்கு தெளிவாக விளங்கியதால் இதை ஏற்கவில்லை, ஒற்றுமையைக் கருதி ஏற்கிறேன் என்ற பொருளில் எழுதினார். விக்டரின் இருக்கையில் அமர்ந்தவர் இரனேயுவின் பாஷையில் பேசியது எனக்குப் பிடித்த இடம்.


மண்ணடி வாசகன்:

படித்துக்கொண்டே வந்தேன், எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்பதுபோல் இருந்தது. ரமலான் முடிவில் தலைமை காஜியின் அறிவிப்பு வரும்வரை ஒரு வீடு காத்திருக்கும். வெளிநாட்டுப் பிறையை ஏற்பவர்கள் அதற்கு முந்தின நாளே பெருநாள் தொழுதுவிடுவார்கள். கணக்கிட்டே சொல்லிவிடலாம் என்பவர்கள் மூன்றாவது சாரார். ஆனால் எங்களில் பெரும்பாலோர் இன்றும் கண்ணால் பார்ப்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் சொல்லும் சபைகளில் பௌர்ணமியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாமே என்று ஒருவருமே சொல்லவில்லையா, ஐயா?


தண்டையார்பேட்டை பஞ்சாங்கப் பித்தன்:

நல்ல கேள்வி, பாய். பார்த்துவிட்டு அறிவிக்க நேரம் போதாது என்பதே தடை. ஈஸ்டருக்கு முன் நீண்ட நோன்பு இருக்கிறது. நோன்பைத் தொடங்கும்போதே அது எந்த நாளில் முடியும் என்று தெரிந்தாக வேண்டும். அதனால் அலெக்சாந்திரிய ஆயர் தேதியை முன்கூட்டியே கணித்து ஆண்டுதோறும் எகிப்துச் சபைகளுக்குச் சுற்றுமடல் அனுப்புவார். அத்தனாசியு 329இலிருந்து எழுதிய இத்தகைய மடல்களில் ஒன்றுதான், 367ஆம் ஆண்டுக்குரிய முப்பத்தொன்பதாவது மடல், புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு நூல்களையும் இன்று நாம் வைத்திருக்கும் அதே பட்டியலாக முதன்முதலில் தருகிறது. தேதி சொல்ல வந்த மடலில் திருமறையின் அட்டவணையும் வந்துவிட்டது.


ராயபுரம் மறைக்கல்வி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. பையனின் கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. கிரேக்கர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் கணக்கிடுகிறார்கள், அது இன்று பதின்மூன்று நாள் பின்தங்கியிருக்கிறது என்பது வரை எனக்குத் தெரியும். ஆனால் 2024ஐ எடுத்துக்கொள்வோம். பங்குனி உத்திரப் பௌர்ணமி மார்ச் 25. நமக்கு மார்ச் 31 சரி. சித்திரா பௌர்ணமி ஏப்ரல் 23. அவர்கள் அதை எடுத்துக்கொண்டாலும் அடுத்த ஞாயிறு ஏப்ரல் 28தானே? மே 5 எப்படி வந்தது?


தண்டையார்பேட்டை பஞ்சாங்கப் பித்தன்:

சகோதரி, இந்த இடத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் நின்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே பிந்துகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சூரியனுடையது. ஜூலியன் ஆண்டு 365¼ நாள். உண்மை ஆண்டு அதைவிடச் சற்றுக் குறைவு. 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். ஆகவே அவர்களின் மார்ச் 21 நம் ஏப்ரல் 3 அன்று வருகிறது. பங்குனி உத்திரப் பௌர்ணமி அதற்கு முந்தியதால் தள்ளுபடியாகிவிட்டது. மற்றது நிலாவுடையது. 19 ஆண்டுச் சுற்றில் முந்நூறு ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும் என்றேனே, அந்தப் பிசகு இத்தனை நூற்றாண்டில் நான்கைந்து நாளாகச் சேர்ந்துவிட்டது. அவர்களின் ஏட்டில் 2024இன் பாஸ்காப் பௌர்ணமி ஜூலியன் ஏப்ரல் 15, அதாவது நம் ஏப்ரல் 28. அன்று கிழமை என்ன? ஞாயிறு. பௌர்ணமி ஞாயிற்றிலேயே விழுந்தால் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப்போக வேண்டும் என்பது பழைய விதி. அதனால் மே 5.

இந்த விதி எவ்வளவு பழையது என்பதற்கு 387ஐப் பாருங்கள். அந்த ஆண்டு அலெக்சாந்திரிய ஏட்டில் நிலாவின் பதினான்காம் நாள் ஏப்ரல் 18, அதுவும் ஞாயிறு. ஆகவே ஒரு வாரம் தள்ளி ஏப்ரல் 25. இவ்வளவு பிந்துவது ஏன் என்று ஆயர்களுக்குச் சந்தேகம் வர, மிலான் ஆயர் அம்புரோசியார் இதே காரணத்தை விளக்கிக் கடிதம் எழுதினார். அந்தத் தள்ளிப்போன பாஸ்கா இரவில்தான் அகுஸ்தினார் அவர் கையால் திருமுழுக்குப் பெற்றார். நான் மேலே சொன்ன 455ஆம் ஆண்டின் சிக்கலும் இதுவே. அப்போதும் ஏட்டின் பதினான்காம் நாள் ஏப்ரல் 17, ஞாயிறு.

கிரேக்கர்கள் கணக்கைத் தவறவிட்டவர்கள் அல்லர். நீசேயாவுக்குப் பின் உலகம் ஒத்துக்கொண்ட அட்டவணையை விடாமல் வைத்திருப்பவர்கள். மாற்றியவர்கள் நாம். 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாளைக் கழித்து, அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று ஆக்கினார். நிலாவின் அட்டவணையையும் திருத்தினார். நாம் திருத்திய வாக்கியம், அவர்கள் பழைய வாக்கியம் என்று சொல்லலாமே தவிர, நாமும் திருக்கணிதக்காரர்கள் அல்லர். 2019இல் சமஇரவு நாளும் பௌர்ணமியும் நம் நேரப்படி மார்ச் 21 விடிகாலைக்கும் காலைக்கும் இடையே நான்கு மணி நேர வித்தியாசத்தில் அடுத்தடுத்து வந்தன. வானத்தைப் பார்த்திருந்தால் ஈஸ்டர் மார்ச் 24. நம் ஏட்டு நிலா மார்ச் 20 அன்றே நிறைந்துவிட்டதாகச் சொன்னதால் ஏப்ரல் 21 வரை காத்திருந்தோம். 1997இல் சிரியாவின் அலெப்போ நகரில் உலகத் திருச்சபைகள் மன்றம் நடத்திய கலந்தாய்வில், எருசலேமை மையமாக வைத்துத் திருக்கணிதமாகவே கணித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. இன்னும் யோசனையாகவே இருக்கிறது. 2025இல் இரு கணக்கும் தாமாகவே ஏப்ரல் 20இல் ஒன்றின. 2026இல் ஏப்ரல் 5, ஏப்ரல் 12 என்று பிரிகின்றன. அடுத்து 2028 ஏப்ரல் 16இல் ஒன்றும்.


கொருக்குப்பேட்டை மாணவன்:

பெரியவர்களே, இங்கிலாந்தில் நடந்ததைச் சேர்க்காமல் விட்டால் ராயபுரம் ஆசிரியைக்கு மனம் ஆறாது. ஏழாம் நூற்றாண்டில் நார்தம்பிரியா அரசர் ஆஸ்வியு அயர்லாந்துத் துறவிகளின் பழைய 84 ஆண்டுக் கணக்கைப் பின்பற்றினார். அவருடைய அரசி கென்ட் நாட்டிலிருந்து வந்தவர். உரோமைக் கணக்கைப் பின்பற்றினார். ஓர் ஆண்டில் அரசர் நோன்பை முடித்து ஈஸ்டர் விருந்துக்கு உட்கார்ந்தபோது, அரசி இன்னும் நோன்போடு குருத்து ஞாயிறு கொண்டாடிக்கொண்டிருந்தார் என்று பீட் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். 664இல் விட்பி மடத்தில் வழக்கு நடந்தது. அயர்லாந்துத் தரப்பில் கோல்மன் யோவானையும் கொலும்பாவையும் சாட்சிக்கு அழைத்தார். உரோமைத் தரப்பில் வில்பிரிட், விண்ணக வாயிலின் திறவுகோல் பேதுருவிடம் அல்லவா கொடுக்கப்பட்டது என்றார். அது உண்மையா என்று அரசர் கோல்மனைக் கேட்க, அவரும் ஆம் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் வாசல்காரரைப் பகைத்துக்கொள்ள மாட்டேன், நான் போகும்போது திறக்க ஆள் வேண்டுமே என்று அரசர் புன்னகையோடு தீர்ப்பளித்தார்.

அந்தப் பேதுருவைத்தான் நாம் இராயப்பர் என்கிறோம். இராயப்பர் பெயரால் வழங்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் விடலாமா, மிஸ்?


பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்:

தம்பி சொன்னது சுவையானது. ஒரு சிறு திருத்தம் மட்டும். விட்பியில் தோற்றவர்களைப் பதினான்காம் நாளினர் என்று அன்றே சிலர் ஏசினார்கள். இன்றும் சில நூல்கள் அப்படி எழுதுகின்றன. அவர்கள் எப்போதும் ஞாயிறன்றே கொண்டாடியவர்கள். ஞாயிறு பதினான்காம் நாளில் விழுந்தால் மட்டும், அடுத்த வாரத்துக்குத் தள்ளாமல் அன்றே கொண்டாடினார்கள். ஆசிரியை 2024இன் ஏப்ரல் 28ஐப் பற்றிக் கேட்டாரே, அதே கேள்விக்கு அவர்கள் வேறு பதில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். எபேசுக்காரர்களின் வழக்கை இவர்கள் தலையில் கட்ட வேண்டாம்.


ராயபுரம் மறைக்கல்வி ஆசிரியை:

மிக்க நன்றி. ஞாயிறு வகுப்புக்கு மூன்று காட்சிகளை எடுத்துக்கொள்கிறேன்: அனிசேட்டஸ் தம் இடத்தைப் போலிக்கார்ப்புக்கு விட்டுக்கொடுப்பது, அரசர் விருந்துண்ண அரசி நோன்பிருப்பது, பையனின் அண்ணன் எடுத்த பிரேயுஸ் ஊர்வலம். நீசேயா விதி வகுத்தது என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன் என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுவேன்.

ஒன்றே ஒன்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நாம் எழுதும் ஆண்டுக் கணக்கே ஒரு பாஸ்கா அட்டவணையிலிருந்து வந்தது என்று எங்கோ படித்தேன். உண்மையா?


தண்டையார்பேட்டை பஞ்சாங்கப் பித்தன்:

உண்மைதான், சகோதரி. 525இல் உரோமையில் தியோனீசியு எக்சிகுவுஸ் என்ற துறவி அலெக்சாந்திரிய அட்டவணையை இலத்தீனில் 95 ஆண்டுகளுக்கு நீட்டி எழுதினார். பழைய அட்டவணைகளில் ஆண்டுகள் தியோக்கிளேசியன் அரசேறியதிலிருந்து எண்ணப்பட்டன. கிறிஸ்தவர்களைக் கொன்றவன் பெயரால் பாஸ்காவை எண்ணுவதா என்று அதை விட்டு, கிறிஸ்து மனிதராகப் பிறந்ததிலிருந்து எண்ணத் தொடங்கினார். அவருடைய அட்டவணையின் முதல் ஆண்டு 532. பீட் அதையே தம் நூல்களில் பரவலாக எடுத்தாண்டபின் ஐரோப்பா முழுவதும் பரவியது.


ராயபுரம் மறைக்கல்வி ஆசிரியை:

அப்படியானால் பாஸ்கா திருவிழிப்புக்குப் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துகிறேன். கோயில் முற்றத்தில் புது நெருப்பு மூட்டியபின் சாமியார் பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவை கீறி, அதன் நான்கு மூலைகளிலும் அந்த ஆண்டின் நான்கு எண்களைப் பொறிப்பார். இருட்டில் பின்னால் நிற்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை.